பெரிய பணம் வந்திருக்கிறது, சின்னப் பணம் எங்கே?

வாசகர் கேள்வி - பதில்

இந்த இதழில் கல்லூரி ஆசிரியர்களும் ஆராய்ச்சி நிதியும். பதில் எழுதுபவர் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.

*

கேள்வி: அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியமான எஸ்.இ.ஆர்.பி.யின் தொடக்கநிலை ஆய்வு நிதிக்காக 2023-ல் முழு விண்ணப்பமும் எழுதி வைத்திருந்தேன். மகப்பேறு விடுப்பு, பிறகு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று நாள் ஓடிவிட்டது. இப்போது திறந்து பார்த்தால் அந்த வாரியமே இல்லை என்கிறார்கள். எழுதியதெல்லாம் வீண்தானா மேடம்?

தாவரவியல் உதவிப் பேராசிரியை, தேனி

பதில்: ஒரு பக்கம்கூட வீணாகாது அம்மா. 2008-ல் சட்டம் போட்டு உருவாக்கிய எஸ்.இ.ஆர்.பி.யை, 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டம் தனக்குள் இணைத்துக்கொண்டது. புதிய அமைப்புக்கு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்று பெயர். ஏ.என்.ஆர்.எஃப். என்று சொன்னால்தான் எல்லாருக்கும் தெரியும். 2024 பிப்ரவரி 5 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆளுகைக் குழுவுக்குப் பிரதமர் தலைவர், நிர்வாகக் குழுவுக்கு அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் தலைவர்.

நீங்கள் எழுதி வைத்த திட்டம் இரண்டு ஆண்டுக்கு 30 லட்சம் வரை கொடுத்து வந்தது. அந்த இடத்தில் இப்போது பிரதமர் பெயரில் இளம் ஆய்வாளர் நிதி வந்திருக்கிறது. மூன்று ஆண்டு, 60 லட்சம் வரை. வயது வரம்பு 42, பெண்களுக்குத் தளர்வு உண்டு. ஆகவே விடுப்பில் போன காலத்தை நினைத்துக் கலங்காதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். தொகை இரட்டிப்பானது என்பதற்காக 30 லட்சத்துக்கு எழுதியதை அப்படியே 60 லட்சத்துக்கு ஊதிவிடக் கூடாது. இரண்டு ஆண்டு வேலையாக நீங்கள் யோசித்தது மூன்றாம் ஆண்டில் எங்கே போய் நிற்கும் என்று புதிதாக ஒரு பக்கம் எழுதுங்கள். படிக்கிறவர் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான். கருவிப் பட்டியலை நீட்டி வைத்து, அந்தக் கருவியால் விடை கிடைக்கப்போகும் கேள்வியை நாலு வரியில் முடித்த விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல மூளைகள் எழுதியவை, ஆனாலும் திரும்பி வந்தன.

*

கேள்வி: ஏ.என்.ஆர்.எஃப்.-க்கு 50,000 கோடி என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். எனக்குத் தேவை மூன்று லட்சம். எங்கள் கல்லூரியில் முதுகலை வகுப்பு இருக்கிறது, சின்ன ஆய்வகம் இருக்கிறது, ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று லட்சத்துக்கு எழுத இப்போது எந்தக் கதவைத் தட்டுவது?

விலங்கியல் ஆசிரியர், திருப்பத்தூர்

பதில்: தம்பி, வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். ஏனென்றால் என் ஆராய்ச்சி வாழ்க்கையே ஒன்றே முக்கால் லட்சத்தில் தொடங்கியது.

2009-ல் பல்கலைக்கழக மானியக் குழுவின் குறு ஆய்வுத் திட்டத்தில் எனக்கு அந்தத் தொகை வந்தது. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எந்த ஊர்க் கிணறு தாண்டுகிறது, எது தாண்டவில்லை, கோடையில் எவ்வளவு, மழைக்குப் பிறகு எவ்வளவு என்று கிணறு கிணறாக ஒரு கணக்கு எங்கள் கையில் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு ஃபுளோரைடு மின்வாயும் அதை இணைக்கும் மீட்டரும் வாங்கினோம். மீதி பஸ் கட்டணம், பாட்டில், வேதிப்பொருள்.

மாதிரி எடுக்கப் பாலித்தீன் பாட்டில்தான் வேண்டும், கண்ணாடி ஆகாது. ஃபுளோரைடு கண்ணாடியோடு வினை புரிந்து அளவைக் கெடுத்துவிடும் என்று வகுப்பில் பத்து முறை சொல்லியும் புரியாதது, பிள்ளைகள் பாட்டிலைக் கையில் பிடித்து, ஊர்ப்பெயரும் தேதியும் எழுதி ஒட்டியபோது ஒரே நாளில் புரிந்தது. சனிக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் பென்னாகரம் பக்கம் போவோம். சாயங்காலம் நாற்பது பாட்டில்களோடு திரும்புவோம். ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தைத் திறந்து வைத்து அளப்போம். இரண்டு வருடத்தில் அறுநூறுக்கு மேற்பட்ட மாதிரிகள். அந்தக் குழுவில் இருந்த ஆறு பேரில் மூன்று பேர் பிறகு முனைவர் பட்டம் வாங்கினார்கள். ஒன்றே முக்கால் லட்சம்!

பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அந்தக் குறுந்திட்டத்துக்கு அறிவியலில் 5 லட்சம், கலைப் பாடங்களில் 3 லட்சம் வரை கொடுத்தார்கள். பெருந்திட்டம் என்று இன்னொன்றில் 20 லட்சம், 15 லட்சம் வரை. 2017 மார்ச்சில் அந்தத் திட்டக் காலம் முடிந்தது, இவையும் அதோடு நின்றன. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி, ஆசிரியர் தினத்தன்று, மானியக் குழு புதிதாகச் சில திட்டங்களை அறிவித்தது. பணியில் இருக்கும் ஆசிரியருக்கு இரண்டு ஆண்டுக்கு 10 லட்சம் என்பது அதில் ஒன்று. நல்ல தொகைதான். ஆனால் நாடு முழுவதற்கும் 200 பேர். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி நாட்டில் 45,473 கல்லூரிகள் இருக்கின்றன. இருநூறு கல்லூரிக்கு ஒருவர்கூட ஒழுங்காக வரவில்லை.

என் மனத்தில் இருப்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். இப்போது அறிவிக்கிற நிதி எல்லாம் பெரிதாகிக்கொண்டே போகிறது. 30 லட்சம் 60 லட்சமாகிறது, கூட்டமைப்புகளுக்குக் கோடிக் கணக்கில் வருகிறது. நான் அதை வரவேற்கிறேன். நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குச் செலவாகிறது, அது உயர வேண்டும். ஆனால் 60 லட்சத்துக்கு எழுத வேண்டுமென்றால் ஏற்கெனவே கட்டுரைகள் இருக்க வேண்டும், முன்கூட்டியே கொஞ்சம் தரவு இருக்க வேண்டும். அந்த முதல் தரவை எடுப்பதற்கான மூன்று லட்சத்தைத்தான் நிறுத்திவிட்டார்கள். கிணற்றில் இறங்கும் முதல் படியை உடைத்துவிட்டுக் கீழே தண்ணீர் நிறைய இருக்கிறது என்று சொன்னால் எப்படி இறங்குவது? ஆண்டுதோறும், மாவட்டக் கல்லூரிகளுக்கென்று, 2 முதல் 5 லட்சம் வரை, எளிய படிவத்தில் ஒரு நிதி மறுபடி வர வேண்டும். இதை எழுதக் கிடைக்கிற எல்லா இடத்திலும் எழுதுவேன்.

அது வரும்வரை உங்களுக்கு மூன்று வழி சொல்கிறேன். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டத்துக்குச் சிறு தொகை கொடுக்கிறது. சிறிதென்று விட்டுவிடாமல், உங்கள் முதுகலைப் பிள்ளைகளின் பெயரில் எழுதுங்கள், முதல் தரவு அதில் வரும். உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரியாக இருந்தால் மாநில உயர்கல்வி மன்றம் வழியாக வரும் முதலமைச்சர் ஆராய்ச்சி நிதியுதவித் திட்டத்தைப் பாருங்கள். மூன்றாவது வழியை அடுத்த கேள்விக்கு விரிவாக எழுதியிருக்கிறேன்.

*

கேள்வி: நான் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். “நம்ம காலேஜுக்கெல்லாம் கவர்ன்மென்ட் பணம் தரமாட்டாங்க சார், விடுங்க” என்கிறார் எங்கள் துறைத் தலைவர். உண்மையா?

நாமக்கல் வாசகர்

பதில்: உண்மையில்லை. தனியார் கல்லூரி ஆசிரியர்களையும் ஏற்கும் திட்டங்கள் இருக்கின்றன. பணி நிரந்தரமானதாக இருக்க வேண்டும், ஆண்டு ஒப்பந்தம் என்றால் சிக்கல். முதல்வர் ஒப்புதல் கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதத்தை விண்ணப்பத்தின் கடைசி நாளன்று கேட்காதீர்கள், முதல் நாளே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்தது போன்ற ஒரு திட்டம் டேர் (TARE). ஆசிரியர்களுக்கான ஆராய்ச்சி இணைப்பு என்று தமிழில் சொல்லலாம். மாநிலப் பல்கலைக்கழகம், கல்லூரி, தனியார் கல்வி நிறுவனம் இவற்றில் இருக்கும் ஆசிரியர், தன் வேலையை விடாமல், பக்கத்தில் இருக்கும் ஐ.ஐ.டி., என்.ஐ.டி., சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் போன்ற ஓரிடத்தில் ஆண்டில் சில மாதங்கள் போய் ஆய்வு செய்யலாம். மூன்று ஆண்டு. எஸ்.இ.ஆர்.பி. காலத்து விதிப்படி ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 5 லட்சம், அது இரண்டு நிறுவனத்துக்கும் பிரித்துத் தரப்படும். ஆசிரியருக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய். உங்களுக்குத் திருச்சி என்.ஐ.டி. இருக்கிறது, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கோடை விடுமுறையை அங்கே கழிக்கலாம்.

இதில் பணத்தைவிடப் பெரியது அங்கே கிடைக்கும் கருவி நேரம். எங்கள் மாதிரிகளை அளக்க நாங்கள் பிறர் வாசலில் காத்துக்கிடந்த நாட்களை நினைத்தால், முறைப்படி ஒரு மேசையும் அடையாள அட்டையும் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அழைப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் வேலைக்கு நெருக்கமான கட்டுரை எழுதிய ஒருவரை அங்கே கண்டுபிடித்து, அவர் கட்டுரையைப் படித்துவிட்டு, உங்களிடம் இருக்கும் ஒரே ஒரு முடிவை இணைத்து இரண்டு பத்திக் கடிதம் எழுதுங்கள். தற்குறிப்பு ஆறு பக்கம் அனுப்ப வேண்டாம்.

2022-ல் எஸ்.இ.ஆர்.பி. ஷ்யூர் (SURE) என்று ஒரு திட்டத்தையும் தொடங்கியது. மாநிலப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்கள் மட்டும் தங்களுக்குள் போட்டியிடுவதற்கு, மூன்று ஆண்டுக்கு 30 லட்சம் வரை. அதில் எனக்குப் பிடித்தது தொகை இல்லை, தனி வரிசை. ஐ.ஐ.டி. பேராசிரியரின் விண்ணப்பத்தையும் நாமக்கல் ஆசிரியரின் விண்ணப்பத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் எந்தப் பக்கம் தாழும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரித் தனி வரிசை ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் இருக்க வேண்டும்.

*

கேள்வி: ஒரு மத்திய அரசுத் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப்.ஆக, அதாவது இளநிலை ஆய்வாளராக இருக்கிறேன். ஐந்து மாதமாக உதவித்தொகை வரவில்லை. கைடிடம் கேட்டால் “லிமிட் வரலைம்மா” என்கிறார். லிமிட் என்றால் என்ன? வீட்டில் சொல்லவும் முடியவில்லை, அறை வாடகை இரண்டு மாதம் பாக்கி.

ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

பதில்: மகளே, முதலில் வீட்டில் சொல். அறையின் உரிமையாளரிடமும் சொல். இதில் உன் தவறு எதுவும் இல்லை.

இனி லிமிட். என் காலத்தில் ஒரு வருடத்துக்கான பணம் மொத்தமாகக் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். நாங்கள் செலவு செய்துவிட்டு, ஏப்ரலில் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்புவோம். இப்படி நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான கணக்குகளில் அரசுப் பணம் செலவாகாமல் தங்குகிறது, அரசோ இன்னொரு பக்கம் வட்டிக்குக் கடன் வாங்குகிறது என்பது நிதி அமைச்சகத்தின் கவலை. அதற்காக 2022-ல் முறையை மாற்றினார்கள். இப்போது திட்டத்துக்கென்று இருப்பது பூஜ்ய இருப்புக் கணக்கு. அதில் பணம் இருக்காது. இவ்வளவு வரை எடுக்கலாம் என்ற வரம்பு மட்டும் இருக்கும். அதுதான் லிமிட். உன் பெயருக்குச் சம்பளப் பட்டியல் ஏற்றும்போதுதான் மையக் கணக்கிலிருந்து பணம் நேராக உன் கணக்குக்கு நகரும். வருடத்தில் எடுக்காமல் விட்ட வரம்பு மார்ச் 31-உடன் காலாவதியாகிவிடும் வகைக் கணக்குகளும் உண்டு. ஏப்ரலில் புது வரம்பு வரும்வரை கணக்கு வெறும் கணக்கு.

முறையின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பொது நிதி மேலாண்மை அமைப்பு என்ற கணினி வாசலில் மேக்கர் என்று ஒருவர் பட்டியலை ஏற்ற வேண்டும், செக்கர் என்று இன்னொருவர் சரிபார்த்து விடுவிக்க வேண்டும். மேக்கராக இருந்த எழுத்தர் மாறிப்போனால், முதல்வர் ஓய்வு பெற்றுப் புது முதல்வரின் மின்கையொப்பம் பதிவாகாமல் இருந்தால், அங்கேயே நின்றுவிடும். டெல்லி தராமல் தாமதமாவது ஒரு பாதி என்றால், நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மேசையில் நிற்பது மறு பாதி. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வதுதான் உன் முதல் வேலை.

கைடிடம் மூன்று கேள்வி கேள், பணிவாக, எழுத்தில் கேள். சென்ற ஆண்டின் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது படிவம் 12-ஏ, எந்தத் தேதியில் போனது? செலவுக் கணக்கு அறிக்கை அதோடு போனதா? மிச்சத் தொகையும் வட்டியும் திருப்பிச் செலுத்தப்பட்டு ரசீது இருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று போகாவிட்டாலும் அடுத்த வரம்பு வராது. மூன்றும் போயிருந்தால், திட்ட எண்ணைக் குறிப்பிட்டு நிதி தரும் அமைப்பின் திட்ட அலுவலருக்குக் கைடு ஒரு மின்னஞ்சல் போடலாம். அதை அவர் போட மறந்தால் நீயே வரைவு எழுதிக் கொடு.

2011-ல் எனக்கு இரண்டாம் தவணை வராமல் ஏழு மாதம் இழுத்தது. எங்களிடம் ஒரு திட்ட உதவியாளர் இருந்தாள். தினமும் பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒருநாள் மதியம் டப்பாவைத் திறக்காமலே இருந்தாள். பசிக்கவில்லை என்றாள். மூன்றாம் நாள் டப்பாவே கொண்டுவரவில்லை. அன்று மாலை என் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்க மறுத்து, பிறகு கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு வாங்கினாள். தவணை வந்த அன்றே திருப்பித் தந்தாள். கைடுகளுக்கு நான் சொல்வது இதுதான்: அரசு தாமதிக்கும்போது உங்கள் மாணவரின் சாப்பாட்டுக்கு நீங்கள் பொறுப்பு. கல்லூரி நிர்வாகங்கள் ஒரு சிறு சுழல்நிதி வைத்து முன்பணம் கொடுக்கலாம். பணம் வந்ததும் ஈடுகட்டிக்கொள்ளச் சட்டத்துக்கு உட்பட்டு வழி செய்ய வேண்டும்.

2023 ஜனவரி 1 முதல் உன் தொகை மாதம் 37,000, இரண்டு ஆண்டு முடிந்து எஸ்.ஆர்.எஃப்., அதாவது முதுநிலை ஆய்வாளராக உயர்ந்தால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. இன்னும் பழைய 31,000 கணக்கிலேயே உனக்குப் பட்டியல் போடுகிறார்களா என்றும் பார். உயர்வைக் கேட்டு வாங்குவது உன் உரிமை.

*

கேள்வி: கருவி விலை 10 லட்சம் என்று எழுதி ஒப்புதல் வாங்கினேன். இப்போது விலைப்புள்ளியில் வரியோடு 11 லட்சத்து 80 ஆயிரம். முன்பு 5 சதவீதம்தானே வரி?

இயற்பியல் இணைப் பேராசிரியர், மதுரை

பதில்: முன்பு அப்படித்தான். அரசு நிதியில் நடக்கும் ஆய்வு நிறுவனங்களும், உரிய பதிவுச் சான்றிதழ் வைத்திருந்த கல்வி நிறுவனங்களும் அறிவியல் கருவிகளை 5 சதவீத ஜி.எஸ்.டி.யில் வாங்க முடிந்தது. 2022 ஜூலை 18 முதல் அந்தச் சலுகை இல்லை. உங்கள் கருவிக்கு 50,000 ஆக இருந்திருக்க வேண்டிய வரி 1,80,000 ஆகிவிட்டது. அந்த 1,30,000 ரூபாயில் ஒரு மாணவருக்கு மூன்று மாத உதவித்தொகை கொடுக்கலாம். ஒரு துறை கொடுக்கும் பணத்தை இன்னொரு துறை வரியாகத் திருப்பி எடுப்பது ஆராய்ச்சிக்கு நல்லதில்லை, இதை மாற்ற வேண்டும்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. ஆய்வு மானியத்தையே சேவைக் கட்டணமாகக் கருதி வரி கேட்டு நோட்டீஸ் அனுப்பினார்கள், ஐ.ஐ.டி. டெல்லிகூட அதில் மாட்டியது. 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி நடந்த ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில் அதற்கு விலக்கு அளிக்க முடிவானது. அரசு மானியமானாலும் தனியார் மானியமானாலும் சரி, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் அறிவிக்கப்பட்ட பல்கலைக்கழகம், கல்லூரி, ஆய்வு அமைப்புகளுக்கு அந்த விலக்கு உண்டு. இனி விண்ணப்பம் எழுதும்போது கருவி விலையில் 18 சதவீதத்தையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

*

கேள்வி: ஆராய்ச்சிக்கு ஒரு லட்சம் கோடி என்று மத்திய அரசு அறிவித்ததே, கல்லூரிகளுக்கு வருமா?

ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்

பதில்: வராது ஐயா. அது 2025 ஜூலை 1-ஆம் தேதி அமைச்சரவை ஒப்புதல் தந்த ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதி. தனியார் நிறுவனங்கள் ஆராய்ச்சியில் இறங்குவதற்குக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடனும் முதலீடும் தருவது. அந்தப் பணம் ஏ.என்.ஆர்.எஃப்.-க்குள் ஒரு தனி நிதியாக வைக்கப்படுவதால் இரண்டும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். ஏ.என்.ஆர்.எஃப்.-இன் 50,000 கோடி வேறு. அதுவும் 2023 முதல் 2028 வரை ஐந்து ஆண்டுக்கான மதிப்பீடு. அதில் அரசு தருவதாகச் சொன்னது 14,000 கோடி, மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், கொடையாளர்களிடமிருந்து திரட்ட வேண்டியது. வங்கியில் இருந்த உங்களுக்கு, கையில் இருக்கும் பணத்துக்கும் வர வேண்டிய பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

*

கேள்வி: கல்வெட்டுகளில் வரும் நீர்ப்பாசனச் சொற்களைத் தொகுக்க ஆசை. வரலாறு, தமிழ்த் துறைக்காரர்களுக்கு இந்தப் புது அமைப்பில் இடம் உண்டா?

புதுக்கோட்டை ஆசிரியர்

பதில்: சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது, குறுகிய வாசல். மனிதவியலும் சமூக அறிவியலும் அறிவியல் தொழில்நுட்பத்தைத் தொடும் இடங்கள் அதன் வரம்புக்குள் வரும். உங்கள் பொருள் அப்படித் தொடுகிறது. குமிழி, மதகு, கலிங்கு என்று கல்வெட்டில் வருவதையெல்லாம் இன்றும் நிற்கிற ஏரியில் அளந்து பார்க்க ஒரு நீரியல் ஆசிரியரைச் சேர்த்துக்கொண்டால் அது இரண்டு துறையின் ஆய்வு. புதுக்கோட்டை வட்டாரத்தில் பழைய ஏரிகளுக்குப் பஞ்சமா? சொல் தொகுப்பாக மட்டும் செய்வதென்றால் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம், இந்திய வரலாற்று ஆராய்ச்சி மன்றம், சென்னையில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

*

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகம் ஒரு மைய நிறுவனத்தோடு இணைந்து ஏ.என்.ஆர்.எஃப்.-இன் ‘பேர்’ (PAIR) திட்டத்தில் சேரப் பார்க்கிறது. இணைப்புக் கல்லூரிகளும் பயன் பெறுமா?

திருநெல்வேலி வாசகர்

பதில்: பேர் என்பது சக்கரமும் ஆரக்கால்களும் போன்ற அமைப்பு. தேசியத் தரவரிசையில் முன்னிற்கும் ஒரு நிறுவனம் மையம், அதைச் சுற்றிச் சில பல்கலைக்கழகங்கள் ஆரக்கால்கள். முதல் கட்டத்தில் மத்திய, மாநில அரசுப் பல்கலைக்கழகங்களையும் சில என்.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி.க்களையும்தான் எடுத்தார்கள். ஆகவே இணைப்புக் கல்லூரிக்கு நேரடியாக ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் வாங்கும் கருவியில், இணைப்புக் கல்லூரி ஆசிரியர்களுக்கு மாதத்தில் இத்தனை நாள் என்று முன்பதிவு முறை கேளுங்கள். கல்விப் பேரவையில் கேட்டு, தீர்மானமாகவே எழுதி வாங்குங்கள்.

*

கேள்வி: மேடம், என்னை நினைவிருக்கிறதா? 2010-ல் பென்னாகரம் பக்கம் உங்களோடு தண்ணீர் எடுக்க வந்த ஆறு பேரில் ஒருத்தி. இப்போது அரூர் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நிதி ஒன்றும் இல்லை. அந்தப் பழைய மீட்டர் இன்னும் இருக்கிறதா? அதை வைத்து என் பிள்ளைகளுக்கு ஏதாவது தொடங்கலாமா?

பெயர் வேண்டாம்

பதில்: பெயர் போடாவிட்டாலும் கையெழுத்தில் தெரிந்துவிட்டது. பாட்டில்களில் ஊர்ப்பெயர் எழுதியது நீதானே?

கடிதம் வந்த மறுநாளே கல்லூரிக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். மீட்டர் வேலை செய்கிறது. மின்வாயின் முனையில் இருப்பது லாந்தனம் ஃபுளோரைடு படிகம், அது மங்கியிருக்கிறது. பக்குவமாகத் தேய்த்து மெருகேற்றினால் மீண்டும் வரலாம், வராவிட்டால் புது மின்வாய் ஒன்று வாங்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். துறைத் தலைவரிடம் பேசிவிட்டேன். கல்லூரிக்குக் கல்லூரி கடிதம் ஒன்று போதும், இரவலாகத் தருவார்கள்.

செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் கொடுத்து ஃபுளோரைடு பாதிப்பைத் தடுப்பதுதான் அதன் நோக்கமே. நம் அறுநூறு மாதிரிகளும் அதற்கு முந்தியவை. அதே கிணறுகளில் இப்போது எவ்வளவு? குழாய் வந்த பிறகும் எந்த வீடுகளில் சமையலுக்கு, மாட்டுக்கு, பாத்திரம் கழுவக் கிணற்றுத் தண்ணீரையே எடுக்கிறார்கள்? குழாய் வராத நாளில் என்ன குடிக்கிறார்கள்? முன்பு இருந்த கணக்கு நம்மிடம் இருக்கிறது, பின்பு என்ன ஆனது என்ற கணக்கை உன் பிள்ளைகள் எடுக்கலாம். முதல் ஐம்பது கிணறு முடிந்ததும் அந்தத் தரவை வைத்துக்கொண்டு நாம் இருவரும் உட்கார்ந்து டேர் விண்ணப்பத்தை எழுதுவோம்.

பழைய நோட்டுகள் நான்கும் என் வீட்டில்தான் இருக்கின்றன. சில பக்கங்களில் மழை பட்டு மை கலைந்திருக்கிறது, உன் கையெழுத்து என்பதால் உனக்குப் படிக்க வரும். சனிக்கிழமை காலை வா. பாட்டில் ஐம்பது வாங்கிக்கொள், பாலித்தீன்.